சேனை வைத்த விரல்

அன்று காலையில் பட்டறைக் குழாயடியில் உட்கார்ந்து என் நகக்கண்களை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

லேத்தில் இரும்பு கடைகிறவன் கைக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை சோப்புப் போட்டாலும் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அன்று அந்தக் கோடு தெரியவே கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். மண்ணெண்ணெய், அப்புறம் துணி சோப்பு, அப்புறம் எலுமிச்சம்பழத் தோல். விரல் நுனி சிவந்து எரிந்தது. மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசத்துக்கு அடியில் இன்னும் லேசாக மண்ணெண்ணெய் இருந்தது. பரவாயில்லை, ஒரு துளிக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு மகன் பிறந்திருந்தான். செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் வழியாகப் பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தேன். தர்கா முக்கில் பஸ்ஸும் ரிக்‌ஷாவும் முட்டிக்கொண்டு நின்றன. நான் ஹேண்டில் பாரில் விரல் படாமல், உள்ளங்கையை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். கழுவிய விரல் அழுக்காகிவிடக் கூடாதே.

வார்டில் என் மனைவி சரோஜா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் என் மாமியார், ஒரு சின்னக் கிண்ணத்தில் சீனியைப் போட்டு வெந்நீர் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை பழைய சேலைத் துணிக்குள் சிவப்பாக, கோபமாக இருந்தான். நான் குனிந்து, கையைக் கிண்ணத்தின் பக்கம் கொண்டுபோனேன்.

"இருங்க மாப்ள" என்றார் மாமியார். "தங்கராசு வந்துக்கிட்டு இருக்கான்."

தங்கராசு, சரோஜாவின் அண்ணன். எனக்கு மச்சான். அவர் வெள்ளைச் சட்டையும் பையில் பேனாவுமாக வந்து சேர்ந்ததும் வார்டுக்கே ஒரு மரியாதை வந்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மாப்ள, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பிள்ளைக்குக் காத்து வரட்டும்" என்றார் மாமியார்.

தள்ளி நின்றேன். மச்சான் மோதிர விரலைக் கிண்ணத்தில் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். அவன் உதட்டைச் சப்புக் கொட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாமன் மாதிரி வரணும்டா ராசா" என்று மாமியார் அவன் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

நான் எரிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு பகை

சென்ற வாரம் இந்தத் தொடரில் பட்டறை தொடங்கிய கதையை எழுதியிருந்தேன். வாசலில் கட்டிய எலுமிச்சை மிளகாயைப் பற்றி நான் அடித்த கேலியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டார்: "ஐயா, உங்களுக்கு எந்த ராசியிலும் நம்பிக்கை கிடையாதா?"

பல்லி கத்தினால் நான் கவலைப்படுவதில்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று விட்டுவிடுவேன். இவையெல்லாம் எனக்கு எதுவும் செய்ததில்லை, நானும் இவற்றை எதுவும் செய்ததில்லை. ஆனால் ஒன்றே ஒன்றோடு எனக்குத் தீராத பகை உண்டு. அதுதான் சேனை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிறந்த பிள்ளைக்கு, தாய்ப்பாலுக்கும் முன்னால், ஒரு துளி இனிப்பை நாக்கில் தொட்டு வைப்பதற்குப் பெயர் சேனை. சீனித் தண்ணியோ, தேனோ, கருப்பட்டிக் கரைசலோ, வீட்டுக்கு வீடு மாறும். வைக்கிறவர் யாரோ, அவருடைய குணமும் யோகமும் பிள்ளைக்கு வந்து சேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் குடும்பத்திலேயே நல்ல ராசிக்காரராகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். பகை என்று வந்துவிட்டால் எதிராளியின் ஊர், பேர் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பட்டறைக்கு எதிர்வீட்டில் ஒரு தமிழாசிரியர் குடியிருந்தார். சேய்க்கு வைக்கும் நெய், சேய்நெய், அதுதான் வாயில் புரண்டு சேனை ஆயிற்று என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளையின் வயிற்றைச் சுத்தம் செய்ய நெய்யோ விளக்கெண்ணெயோ தொட்டு வைத்திருப்பார்கள். அப்புறம் எண்ணெய் போய் இனிப்பு வந்தது என்றார். சரியா, தப்பா எனக்குத் தெரியாது.

"அதுல ஆள் எப்ப சார் வந்தான்?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியலப்பா. மருந்துன்னா யாரு வேணாலும் குடுக்கலாம். இனிப்புன்னு வந்துட்டாத்தான் யாரு குடுக்கிறதுங்கிற பேச்சு வரும்" என்றார்.

கோரிப்பாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஜமால் பாயிடமும் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தது. நான் தண்டு கடைவதற்கு இரும்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கள்லயும் உண்டுண்ணே. பேரீச்சம்பழத்த மென்னு, பிள்ளை வாயில தடவுவோம். நல்ல மனுசரா பாத்துச் செய்வாங்க."

"உங்களுக்கு யாரு பாய் செஞ்சது?"

"எங்கத்தாதான்."

அத்தா என்றால் அப்பா. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கையில் எடுத்த இரும்பைத் திரும்பப் போட்டுவிட்டு, வேறு எதையோ தேடுகிற மாதிரி கடையின் பின்பக்கம் போய்விட்டேன்.

எனக்கென்று ஒரு யோசனை உண்டு. பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்த காலத்தில் இது வந்திருக்க வேண்டும். பால் சுரக்கும்வரை உயிர் தங்குமா என்று எல்லோரும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது நன்றாக வாழ்ந்த யாரையாவது கூப்பிட்டு, "உன் உயிரில் ஒரு துளி இதுக்குக் குடு" என்று கேட்டிருப்பார்கள். அந்தப் பயத்தைப் பார்த்தால் எனக்கும் இரக்கம் வருகிறது. உலகத்துக்கு வந்தவனுக்கு முதலில் இனிப்பைக் காட்ட நினைத்த மனசையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் "இந்த ஆள் மாதிரி வா" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது, சொல்லாமலே இன்னொன்றும் சொல்கிறோம். அதைக் கேட்டுக்கொண்டு ஒருவன் ஓரத்தில் தள்ளி நிற்கிறான்.

நல்லதெல்லாம் சேனை

பிள்ளைக்குப் பெயரும் மச்சான்தான் வைத்தார். அறிவழகன். வீட்டில் அறிவு.

அவன் சீக்கிரம் நடந்தான். "சேனை யாரு வச்சது!" என்றார்கள். காய்ச்சலில் விழுந்தான். "அப்பன் உடம்பு, ஒரு மழைக்குத் தாங்காது" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நன்றாக வாசித்தால் மாமன். தெருவில் எவன் மண்டையையாவது உடைத்துவிட்டு வந்தால் நான். நல்லதெல்லாம் சேனையிலிருந்து வந்தது. கெட்டதெல்லாம் ரத்தத்திலிருந்து வந்தது. என் வீட்டில் என் பங்குக்கு இம்புட்டுத்தான்.

மச்சானைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர் அவர். பிறகு காலேஜிலேயே பாடம் நடத்தினார். கே.கே. நகரில் வீடு. யாரையும் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. என் பட்டறைக்கு வந்தால் ஸ்டூலைத் துடைக்காமல் அப்படியே உட்காருவார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடிக்காது.

ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டேன். "மச்சான், இந்தச் சேனையெல்லாம் நீங்க நம்புறீங்களா?"

"சே! படிச்சவன் நம்புவானா மாப்ள? ஆனா நம்மள மாதிரி ஒரு பிள்ளை வரணும்னு நாலு பேரு ஆசைப்படுறப்ப, வேணாம்னு யாரு சொல்லுவா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அதனால்தான் அவரோடு ஒரு சண்டைகூடப் போட முடியாமல் போய்விட்டது.

பித்தளைப் பம்பரம்

அறிவுக்கு லேத் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டால் பையை மூலையில் எறிந்துவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்பான். இரும்பு சுழன்று, மேல்தோல் சுருள் சுருளாக உரிந்து விழுவதை வாயைத் திறந்து பார்ப்பான். நீலம் பாய்ந்த சுருள்களைப் பொறுக்கித் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். சூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டு, சுட்டதை என்னிடம் மறைப்பான்.

ஒரு விடுமுறை நாள். தறிகளுக்கு அன்று கரண்ட் இல்லை. செல்லூரே சத்தம் அடங்கிக் கிடந்தது. கரண்ட் திரும்பி வந்ததும், மிச்சம் கிடந்த ஒரு பித்தளைத் துண்டை லேத்தில் மாட்டினேன். அவன் கையைப் பிடித்து, கையின்மேல் என் கையை வைத்து, சக்கரத்தைத் திருப்பவைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பம்பரம் வந்தது. அவன் மூச்சை விடவே இல்லை.

"அப்பா, இது நான் செஞ்சதா?"

"பின்ன? நீதான்டா செஞ்ச."

அவன் அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். சட்டையெல்லாம் எண்ணெய். அந்த நேரம் பார்த்துச் சரோஜா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள்.

அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். "சேனை வச்ச மாமா காலேஜ்ல பாடம் நடத்துறாரு. நீ இரும்புக்குள்ள உக்காந்திருக்க. அவரு கை ராசி உன்கிட்ட வந்து வீணாப் போகவா?"

"பிள்ளை ஆசைப்பட்டுச் செஞ்சான். அதுக்கு ஏன்?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. உங்கள மாதிரி அவனும் நகத்தை நோண்டிக்கிட்டு நிக்கணுமா?"

குழாயடியில் அவன் கையைக் கல்லில் தேய்க்கிற மாதிரி தேய்த்துக் கழுவினாள். வலித்திருக்கும். அவன் அழவில்லை.

அந்தக் கோடையோடு அவனைக் கே.கே. நகரில் மச்சான் வீட்டில் விட்டோம். அங்கே நல்ல பள்ளிக்கூடம். அதோடு சேனை வைத்தவர் நிழலிலேயே வளரட்டும் என்பது சரோஜாவின் கணக்கு. அவள் பேராசைக்காரி இல்லை. அவள் அப்பாவும் தறியில் உழைத்து இருமிச் செத்தவர். தன் பிள்ளை அந்தத் தெருவைவிட்டு வெளியே போக ஒரு கதவு கிடைத்தது என்று நினைத்தாள். அதை எப்படித் தப்பு என்பேன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். கொஞ்ச நாளிலேயே பேச்சு மாறிவிட்டது. கிளம்பும்போது "போய்ட்டு வாரேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், "வரேன்ப்பா" என்றான். பட்டறைக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போக ஆரம்பித்தான். அவனுடைய செருப்பு வெள்ளையாக இருந்தது.

மிச்சம் ரத்தம்

அறிவு படிக்காமல் இல்லை. இன்ஜினியரிங் முடித்தான். ஆனால் மச்சானுக்கு அது போதவில்லை. "என் சேனை. கலெக்டரா வந்து நிப்பான் பாருங்க" என்று கல்யாண வீடுகளில் சொல்ல ஆரம்பித்திருந்தார். நம்பாதவர்தான். சொல்லிச் சொல்லி அவருக்கே பிடித்துப்போயிற்று.

அறிவு கலெக்டர் பரீட்சை எழுதினான். மறுபடி எழுதினான். அவனோடு படித்தவர்கள் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவன் மச்சான் வீட்டு மாடி அறையில் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தான். பார்க்கப் போனால் நிமிர்ந்து சிரிப்பான். முகம் வெளிறி, வெயில் படாத கீரைமாதிரி ஆகியிருந்தான்.

கடைசி முறை முடிவு வந்த அன்று எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் எல்லோரும் இருந்தோம். அறிவு செல்போனைப் பார்த்தான். பிறகு அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான்.

மிக்ஸியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்த மச்சானின் மனைவி, அதை நிறுத்திவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்னால ஆனத எல்லாம் செஞ்சுட்டேன் மாப்ள. அதுக்கு மேல ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?"

எழுந்துவிட்டேன். "மச்சான், என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. எம்புட்டு வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவன் முன்னாடி அந்தப் பேச்சு வேணாம்."

"உக்காருங்க நீங்க" என்றாள் சரோஜா. அவள் குரல் உடைந்திருந்தது.

அறிவு என் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தான்.

"விடுங்கப்பா. மாமா சொல்றது சரிதான்."

அவன் எனக்காகக் கோபப்படுவான் என்று நான் எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. அவன் ஒப்புக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு அமைதியாக, ஏற்கெனவே எப்போதோ முடிவுசெய்துவிட்ட விஷயம் மாதிரி ஒப்புக்கொண்டான். அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது ஞாபகம் இல்லை. பட்டறையைத் திறந்து, வேலை எதுவும் இல்லாமலே லேத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

"பட்டறைக்கு வந்துருடா" என்று பிறகு ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"இனிமேலாப்பா?" என்று சிரித்தான்.

ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தான். காலையில் டிபன் பாக்ஸோடு வண்டியில் போய், சாயங்காலம் வருகிற வேலை. நல்ல வேலைதான். ஆனால் சொந்தக்காரர்கள் யாராவது "என்ன பண்றான்?" என்று கேட்டால் சரோஜா அதைச் சின்னக் குரலில் சொல்வாள்.

மச்சான் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மறதி நோய். சென்ற பொங்கலுக்கு அறிவு போன் செய்து, "மாமா, நான் அறிவு பேசுறேன்" என்றான். "எந்த அறிவு?" என்று அவர் கேட்டது பக்கத்தில் இருந்த என் காதிலும் விழுந்தது. அறிவு பொறுமையாகத் தன் அம்மா பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான். "நல்லா இருங்க தம்பி" என்று வைத்துவிட்டார். எவர் மாதிரி வரவேண்டும் என்று என் மகனை வாழ்நாள் முழுக்க விரட்டினோமோ, அவருக்குச் சில நாள் தான் யார் என்பதே தெரிவதில்லை. இதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

கனடா மாமா

அறிவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் நித்யா கே.கே. நகர்ப் பெண். அவளுடைய அண்ணன் விக்னேஷ் கனடாவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். நல்ல பையன், சிரித்த முகம். சம்பந்தி வீட்டு ஹாலில் அவன் பனியில் நிற்கிற போட்டோ சாமிப் படங்களுக்குச் சமமாக மாட்டியிருக்கும்.

சில மாதங்களுக்கு முன்னால் நித்யாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தனியார் ஆஸ்பத்திரி. ஏசி அறை. நர்ஸம்மா குழந்தையைக் கொண்டுவந்து படுக்கவைக்கும்போதே சொன்னார்: "சீனித் தண்ணி, தேன், எதுவும் வாயில வைக்கக் கூடாது. தாய்ப்பால் மட்டும்தான். சேனை கீனைன்னு ஆரம்பிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

எனக்கு அந்த நர்ஸம்மாவின் காலில் விழலாம்போல் இருந்தது. இத்தனை வருஷமாக நான் தேடிய ஆள் இவர்தான்.

கதவு மூடியது. சம்பந்தியம்மா கூடையிலிருந்து ஒரு சின்ன டம்ளரை எடுத்தார். அதில் சீனித் தண்ணி ஏற்கெனவே கரைத்துத் தயாராக இருந்தது.

"ஒரு துளிதானே. நாமெல்லாம் குடிச்சு வளரலையா? மாப்பிள்ளை, விக்னேஷுக்குப் போன் போடுங்க."

அறிவு போட்டான். திரையில் விக்னேஷ் தூக்கக் கண்ணோடு வந்தான். "அம்மா, என்னம்மா இதெல்லாம்?" என்று சிரித்தான்.

"நீ பேசாம விரலக் காட்டுடா. மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடிங்க. அவன் மூஞ்சி பிள்ளைக்கு நேரா இருக்கணும்."

அறிவு குனிந்தான். தன் மகனுடைய முகத்துக்கு நேராக, கை நடுங்காமல், போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன் மறைத்ததால் பிள்ளைக்கு அவன் முகம் தெரிந்திருக்காது. அவனுக்கும் பிள்ளை முகம் தெரிந்திருக்காது. சம்பந்தியம்மா திரையில் தெரிந்த விக்னேஷின் விரல்மேல் தன் விரலை ஒற்றி எடுத்து, டம்ளரில் தோய்த்து, பிள்ளையின் நாக்கில் வைத்தார்.

"கனடா மாமா மாதிரி வரணும்டா தங்கம்" என்றது யார் என்று நினைக்கிறீர்கள்? என் சரோஜாதான். அவள் கண்ணில் தண்ணீர்.

கதவு திறந்தது. நர்ஸம்மா. பிள்ளையின் உதடு ஈரமாக இருந்ததையும், சம்பந்தியம்மா முந்தானைக்குள் டம்ளரை மறைத்ததையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார்.

"யாரு குடுத்தது?"

அறிவு போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"நான்தான் சிஸ்டர்."

"படிச்சவருதானே? இம்புட்டுச் சொல்லிட்டுப் போறேன். வயித்துக்கு ஆகாமப் போச்சுன்னா யாரு பாக்குறது? அறிவு இருக்கா உங்களுக்கு?"

பையிலிருந்த போனை அவன் அணைக்கவில்லை போலிருக்கிறது. உள்ளேயிருந்து விக்னேஷின் சிரிப்புச் சத்தம் வந்தது.

அறிவு தலையைக் குனிந்து, "ஸாரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

தாழ்வாரத்தில்

பின்னாலேயே போனேன். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரமும், அதற்கு அடியில் வரிசையாக வண்டிகளும். தரை துடைத்த பினாயில் வாடை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்டா? அந்தம்மா செஞ்சதுக்கு நீ எதுக்கு ஏச்சு வாங்கணும்?"

"வயசானவங்க. அவங்களப் போய் திட்டுனா நித்யாவுக்குக் கஷ்டமா இருக்கும்."

"சரி. சேனை வேணாம்னு நீ சொல்லியிருக்கலாம்ல? இல்ல, வச்சே ஆகணும்னா நீ வச்சிருக்கலாம்ல? உன் பிள்ளைடா அது. நீ எதுக்குப் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எரிச்சலோ வருத்தமோ அந்தச் சிரிப்பில் இல்லை. எனக்குப் புரியாத ஒரு சின்ன விஷயத்தை விளக்குகிற மாதிரி சொன்னான்.

"நான் வச்சு, என்னை மாதிரி ஆயிருச்சுன்னா என்னப்பா பண்றது?"

மண்ணெண்ணெய் வாசத்தோடு தள்ளி நின்ற அன்றிலிருந்து, அந்த அவமானம் முழுக்க என்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாருக்கும் பங்கு கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். எனக்காவது என் தொழில் இருந்தது. வெளியே யார் என்ன சொன்னாலும், பட்டறைக்குள் வந்து சுவிட்சைப் போட்டால் நான் ஒரு ஆள். இவனுக்கு அதுவும் இல்லை. பால் குடிக்கும் முன்னாலேயே "வேறொருத்தனா ஆகு" என்று சொல்லிவிட்டோம். ஆக முடியாதவன் மிச்ச நாளெல்லாம் தன்னை ஒரு தவறிப்போன விஷயமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வீட்டு வாடகை தவறாமல் கட்டுகிறவன். பொண்டாட்டியை ஒரு சொல் சொல்லாதவன். தன்னை மறந்துபோன மாமனுக்கு ஒவ்வொரு விசேஷத்துக்கும் போன் போட்டு, ஊர் பேர் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறவன். அடுத்தவருக்காக ஏச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருப்பவன். இவன் மாதிரி ஒரு பிள்ளை வந்துவிடக் கூடாது என்று இவனே பயப்படுகிறான்.

"ஆனா என்னடா?" என்றேன் கடைசியில். "ஆகட்டுமே. உன்னை மாதிரியே ஆகட்டுமே."

"போங்கப்பா" என்றான்.

நான் ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். இன்னும் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது, அறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு இளவயது நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"குழந்தைங்க டாக்டர் வந்திருக்காரு. குழந்தையோட அப்பா யாருங்க?"

பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அறிவு உடனே எழுந்திருக்கவில்லை.